கையெழுத்து மட்டும் போடுங்கம்மா

பெற்றோரின் கருத்துக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். மதிப்பு இருக்கிறது, சட்டத்தில் 21ஆம் பிரிவாகவே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 2022-ல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று மேளதாளத்தோடு குழுக்களைப் புதுப்பித்தார்கள். உறுப்பினர்கள் 20 பேர், அதில் பெற்றோர் 15 பேர், தலைவர் பதவியும் பெற்றோருக்கே. 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். இத்தனை பேருக்கும் நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

வடசென்னையில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். மீன் விற்கிறவளும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவரும் அந்த நேரத்தில் வேலைவெட்டி இல்லாமல் இருப்பார்கள் என்பது மேலிடத்துக் கணிப்பு. அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் வந்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருகிறார்கள். தலைமை ஆசிரியை தீர்மான நோட்டை நீட்டுகிறார். என்ன பேச வேண்டும் என்பது மேலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து, கூட்டம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டு, ஒருமனதாக நிறைவேறியும் விட்டது.

“இதுல இன்னா டீச்சர் எழுதிக்கீது?” என்கிறாள் ஒரு தாய்.

“எல்லாம் பசங்க நல்லதுக்குத்தான். கையெழுத்து மட்டும் போடுங்கம்மா. அஞ்சு மணிக்குள்ள ஆப்புல ஏத்தணும்.”

“பொம்பளப் புள்ளைங்க கக்கூஸ்ல தாப்பா இல்லன்னு போன தபாவே சொன்னேனே?”

“எழுதிப் போட்டிருக்கோம்மா. இன்ஜினியர் வந்து பார்க்கணும்.”

தாழ்ப்பாள் தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு டீச்சரம்மா தன் கைக்காசில் வாங்கி மாட்டிவிடலாம். மாட்டினால் ஆடிட்டில் கேள்வி வரும். ஆகவே அது மனுவாகி, மதிப்பீடாகி, மண்டல அலுவலகத்தில் கோப்பாகி இளைப்பாறுகிறது. அதுவரை ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதவைப் பிடிக்க ஆள் கிடைக்காத நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. பள்ளிகளில் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012-ல். கழிப்பறை வந்துவிட்டது. தாழ்ப்பாள் பற்றித் தீர்ப்பில் தனியாக எதுவும் இல்லையே!

பிள்ளைகளின் கருத்தையும் கேட்காமல் விட்டுவிடவில்லை. அதற்கென்றே ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி. மனசை மாட்டி வைத்திருக்கும் இடம் தலைமை ஆசிரியர் அறை வாசல். சீட்டைப் போட வருகிற பையனை, உள்ளே இருக்கும் தலைமை ஆசிரியை நிமிர்ந்து பார்க்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறது விதி. பெயர் எதற்கு? ‘ர’வை இப்படிக் கோணலாகப் போடுகிறவன் பதினொன்று ‘பி’யில் எவன் என்று தமிழய்யாவுக்குத் தெரியாதா? அம்மாவின் கையெழுத்து என்றால் கெஞ்சி வாங்குகிறார்கள். பிள்ளையின் கையெழுத்து என்றால் கண்டுபிடித்து விசாரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பள்ளியைப் பற்றிய கருத்து பத்திரமாக இருக்கிறது.

அந்தச் சீட்டுகளில் அப்படி என்ன ராஜதுரோகம்? பி.டி. பீரியடில் கணக்கு நடத்துகிறார்கள். லேப் பூட்டியே இருக்கிறது, பிராக்டிகலுக்கு முந்தின வாரம்தான் திறப்பார்கள். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், மத்தியானம் பசிக்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் காலடி வைத்த அன்றே வயிறு தன் வேலையை நிறுத்திக்கொள்ளும் என்று யாரோ ஒரு மேதை கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஓவியமும் விளையாட்டும் சொல்லித்தரப் பகுதிநேர ஆசிரியர்கள் உண்டு. 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டவர்கள். மே மாதம் சம்பளம் கிடையாது என்று வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்த மாதம் அவர்களும் விடுமுறையில் பட்டினி கிடந்து பழகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆம் வாக்குறுதியாக இவர்களுக்குப் பணி நிரந்தரம் வந்தது. அதை நினைவூட்ட நுங்கம்பாக்கம் கல்வி வளாகத்தில் வந்து உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். வாக்குறுதிக்கு எண் கொடுத்ததே கட்சி செய்த பெரிய உபகாரம்; சுலோகமாகச் சொல்ல வசதியாக இருந்தது.

பள்ளியின் பெருமையெல்லாம் இப்போது ஒரே இடத்தில் தொங்குகிறது: வாசல் பேனரில் ‘100% தேர்ச்சி’. அந்த நூறு எப்படி வருகிறது என்று பேனர் சொல்லாது. ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுகிற பையனின் அப்பாவை வரவழைப்பார்கள். கோப்பில் அவனுக்கு ‘மெல்லக் கற்பவர்’ என்று கௌரவமான பட்டம் உண்டு. வகுப்பில் வேறு பெயர். “இவனுக்குப் படிப்பு ஏறலை. வேற எங்கயாவது சேத்துடுங்க, அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம்” என்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாத்தியார் நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன மயக்கத்தில் அப்பா தலையாட்டுவார். மாற்றுச் சான்றிதழில் காரணம் எழுதும் இடத்தில் ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’ என்று விழும். பாருங்கள், பெற்றோரின் கருத்தை எவ்வளவு மதிக்கிறோம்!

கையெழுத்து விஷயத்தில் டெல்லி இன்னும் பெரிய வாத்தியார். புதிய கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது ஒன்றிய அரசு. பிள்ளைகள் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாநிலத்தின் கையை முறுக்குவது கயமை. சென்னை கொதித்ததில் நியாயம் இருந்தது, உச்ச நீதிமன்றம் வரை போனதிலும் நியாயம் இருந்தது. படித்துப் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்று இங்கே மேடைக்கு மேடை முழங்கினார்கள். அதே கேள்வியைத்தான் அந்தத் தாய் ஆறாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குக் கிடைத்த பதில் ஒரு பிஸ்கட்டும் அரை டம்ளர் டீயும்.

இந்தப் பள்ளியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் கருத்துச் சொல்கிறவர்கள் யார் தெரியுமா? அதை நடத்துகிறவர்கள். காலை ஏழரை மணிக்கு அரசுக் குடியிருப்பு வாசலில் நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் வரிசை கட்டி நிற்கும். அதில் ஏறுகிறவர்கள் அரசுப் பள்ளியில் பாடம் நடத்துகிறவரின் பிள்ளை, அதைப் பார்வையிடுகிறவரின் பிள்ளை, தாழ்ப்பாள் கோப்பை வைத்திருக்கிறவரின் பிள்ளை. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக வருஷக்கணக்கில் சால்வை வாங்குகிற வட்டச் செயலாளரின் பேரன் ஏசி வகுப்பில் படிக்கிறான். லட்ச ரூபாய் ஃபீஸ் ரசீதைவிடத் தெளிவான கருத்து வேறு என்ன வேண்டும்?

2011-ல் ஈரோடு மாவட்ட ஆட்சியர் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். நாடே வியந்து போற்றியது. வருஷம் பல ஆகியும் இன்றைக்கும் அதையே சொல்லி வியக்கிறோம் என்றால், பின்னால் எத்தனை பேர் வந்தார்கள் என்று விளங்கிக்கொள்ளலாம். 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசு ஊழியர், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் எல்லோருடைய பிள்ளைகளும் அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் படிக்க வேண்டும், தனியாரிடம் அனுப்பினால் அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகையை அரசுக்குக் கட்ட வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு எந்தப் பள்ளியிலும் இன்னும் சேரவில்லை.

ஆகவே ஒரு யோசனை. அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோரைப் பிழைப்பைப் பார்க்க விடுங்கள். அவர்கள் இடத்தில் மண்டல அலுவலரும் பொறியாளரும் கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும் கல்வி அதிகாரியும் வந்து முழங்கால் இடிக்க உட்காரட்டும். கேள்வி ஒன்றுதான்: உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது, ஏன்? அந்த ‘ஏன்’ என்பதற்கு நேராக உண்மையை எழுதுங்கள். அதையே தீர்மானமாக நிறைவேற்றி, கீழே முழுப்பெயரையும் பதவியையும் போடுங்கள். அம்மாக்கள் அதை நிதானமாகப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வரி விடாமல் படித்துக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளை அனுப்ப நீங்கள் கூசுகிற இதே பள்ளிதான்.