மலைவீட்டு விடுமுறை: ஐப்பசி ஓய்வின் இலக்கணம் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஆயுத பூஜையை ஒட்டி நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்துவிட்டால், சென்னைவாசி தன் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, 350 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிப் போய், முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு நாள் வாடகை கட்டி, அங்கே படுத்துத் தூங்குகிறான். சொந்த வீட்டில் சும்மா கிடைக்கும் தூக்கம் அவனுக்கு ஏன் போதவில்லை? தமிழ் ஆய்வுலகம் இக்கேள்வியை இதுவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த நான்கு நாளும் ஆய்வாளர்களே ஊரில் இருப்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

2. காலம் பற்றிய குழப்பம்

வெயிலும் குளிரும் மட்டாக இருக்கும் இந்தப் பருவத்தை வெள்ளைக்காரர் 'ஆட்டம்' என்பர். நம் பாடநூல்கள் அதற்கு 'இலையுதிர்காலம்' என்று பெயர் சூட்டின. பெயர் அழகுதான், ஆனால் நம் காடுகளுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. இங்கே மரங்கள் இலை கொட்டுவது மாசி, பங்குனி வறட்சியில். ஐப்பசியில் கொட்டுவது மழை. பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, ஐப்பசி கார்த்திகையைக் 'கூதிர்' என்றனர். மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் ஒதுக்கிய பெரும்பொழுதுகளில் ஒன்று இந்தக் கூதிர், சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு, உரிப்பொருள் புணர்தல். ஐப்பசியில் மலைக்குப் போகிறவன் தெரிந்தோ தெரியாமலோ இலக்கணப்படியே போகிறான் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். யாமத்தைப் பிறகு கவனிப்போம்.

3. முன்னோடிகள்

மலையில் வீடு கட்டி ஓய்வெடுக்கும் வழக்கத்தைத் தமிழகத்தில் முறைப்படுத்தியவர்கள் அரசு ஊழியர்களும் பாதிரிமார்களும் ஆவர். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் வீடு எழுப்பினார். அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இவர்களில் எவரும் மலைமேல் சும்மா இருக்கவில்லை என்பது நம் ஆய்வுக்கு முக்கியம். ஒருவர் ஏரி வெட்டினார், ஒருவர் தோட்டம் போட்டார். ஓய்வெடுக்கப் போன இடத்தில் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் நோய் நமக்கு முன்பே தொற்றியிருக்கிறது.

4. களமும் முறையும்

களம்: அதே சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். காலம்: 2023 அக்டோபர் 21 முதல் 24 வரை. தங்குமிடம்: காப்பித் தோட்டத்துக்குள், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய சரிவில், ஓடு வேய்ந்த வீடு ஒன்று. அறைகள் நான்கு, குடும்பங்கள் நான்கு, வராந்தா ஒன்று. இவ்வாய்வாளன் தன் மனைவி, இரு பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் ஓர் அறையில் தங்கி, பங்கேற்பு நோக்கீட்டு முறையில் தரவுகளைச் சேகரித்தான். நோக்கீட்டின் பெரும்பகுதி படுத்தபடியே நடந்தது.

5. கண்டறிந்தவை

5.1 மூட்டை விதி. வீட்டை விட்டுப் போகிறோம் என்பது மயக்கம். வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறோம். எங்கள் கார் டிக்கியில் இருந்தவை: டப்பாவில் இட்லி மாவு, குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொசுவர்த்தி, மாமியாரின் நார்த்தங்காய், குரங்குக் குல்லாக்கள் ஐந்து, காப்பி ஃபில்டர். இருநூறு ஆண்டாகக் காப்பி விளையும் மலைக்கு மயிலாப்பூரில் அரைத்த காப்பிப்பொடி அரைக்கிலோ போனது. "அங்க எப்பிடி இருக்குமோ, யாரு கண்டா?" என்பது மாமியாரின் கருதுகோள். பதினோராம் வளைவில் மாவு பொங்கி டிக்கியைத் திறந்து பார்க்கச் சொன்னது.

5.2 கோழி விதி. புரட்டாசி முடிந்து அன்று நான்காம் நாள்; முதல் சனிக்கிழமை. ஒரு மாதமாகப் பெருமாளுக்கு அடங்கியிருந்த நான்கு குடும்பங்களும் காரை விட்டு இறங்கியதும் ஒரே குரலில் கேட்டது: "அண்ணே, நாட்டுக்கோழி கிடைக்குமா?" வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கொல்லைப்பக்கம் திரும்பினார். அங்கே உலவிய ஏழு கோழிகளைப் பிள்ளைகள் அதற்குள் எண்ணிப் பெயரிட்டிருந்தார்கள். இயற்கையை நேசிப்பதும் இயற்கையைக் குழம்பு வைப்பதும் ஒரே பகலில் நிகழ முடியும் என்பதற்கு மாலைக்குள் ஐந்தாகிவிட்ட அந்த எண்ணிக்கை சான்று. இரவு சாப்பிடாமல் அழுத பிள்ளைகள் இருவர்; இருவரும் மறுநாள் காலை மிச்சக் குழம்பை இட்லிக்குத் தொட்டுக்கொண்டனர்.

5.3 ஆயுத விதி. திங்கட்கிழமை ஆயுத பூஜை. கருவிகளைத் தொடாமல் ஓய்வு கொடுக்கும் நாள். கார்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். மூன்றாம் அறைக்காரர் லேப்டாப்பைச் சரஸ்வதி படத்தின் முன் வைத்து, மூடிமேல் பட்டையாகச் சந்தனம் இட்டிருந்தார். பதினொரு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை எடுத்து, வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்தார். மீட்டிங் முடிந்ததும் திரும்ப அதே இடத்தில் வைத்து, புதுப் பொட்டு இட்டார். இதில் எந்த ஆகம விதியும் மீறப்பட்டதாக எவரும் சொல்லவில்லை.

5.4 குறை விதி. விளம்பரத்தில் 'ஓடையின் சலசலப்பில் உறங்குங்கள்' என்றிருந்தது. போய்ப் பார்த்தால் வீட்டின் பின்னால் உருண்டைக் கற்களும் ஒரு பிஸ்கட் உறையும் கிடந்தன. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை நோஞ்சானாகத் தொடங்கியது. "மழை பேஞ்சா வந்துருமுங்க" என்றார் அண்ணன். "அப்ப வாடகையில கழிச்சுக்கலாமா?" என்றார் நான்காம் அறைக்காரர்.

6. கருதுகோள்

மேற்கண்ட தரவுகளால் குழம்பிய இவ்வாய்வாளன், ஞாயிறு மதியத் தூக்கத்துக்கும் மாலை மிளகாய் பஜ்ஜிக்கும் இடையில் பின்வரும் கோட்பாட்டை வந்தடைந்தான். மலைவீட்டின் இன்பம் தட்பவெப்பத்தில் இல்லை. அது நம் வீடாக இல்லாதிருப்பதில் இருக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டியது. இங்கே அதற்குப் பிளம்பரைத் தேட வேண்டியவன் நானில்லை. சுவரில் ஈரம் பூத்திருந்தது. சென்னையில் என் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் அதே ஈரம், இங்கே 'மலைன்னா அப்பிடித்தான்' ஆனது. கரன்ட் பில் யாருக்கோ. பாசி யாருடையதோ. ஆகவே, ஓய்வு என்பது அடுத்தவர் பொறுப்பிலுள்ள கூரையின் கீழ் படுத்திருத்தல். இதைப் 'பொறுப்புத் துறப்புக் கோட்பாடு' எனப் பெயரிட்டு, ஆய்வை முடித்துவிட்டதாகவே கருதினேன்.

7. யாமத்துச் சோதனை

திங்கள் இரவு நல்ல மழை. பன்னிரண்டு மணி வாக்கில் விட்டது. சற்று நேரத்தில் விழிப்பு வந்தது. பின்பக்கத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம். அடுக்ககவாசிக்கு அந்தச் சத்தம் தாலாட்டைவிடப் பழக்கமானது: டேங்க் நிரம்பி வழிகிறது, எவனோ மோட்டாரை அணைக்க மறந்துவிட்டான்.

முதலில் சிரித்துக்கொண்டேன். என் மோட்டார் இல்லை, என் தண்ணீர் இல்லை, என் கோட்பாடு நிரூபணமாகிறது. போர்வையை இழுத்துக்கொண்டேன். ஒரு நிமிடம் போயிற்று. எவ்வளவு தண்ணீர்! இரண்டு நிமிடம். மோட்டார் காயில் புகைந்துவிடாதா? ஐந்தாம் நிமிடம் எழுந்து, குல்லாவை மாட்டி, செல்போன் டார்ச்சைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

வராந்தாவில் ஏற்கெனவே மூன்று வெளிச்சங்கள் அலைந்துகொண்டிருந்தன. லுங்கி, குல்லா, டார்ச். லுங்கி, குல்லா, டார்ச். மூன்றாம் அறைக்காரர் மட்டும் வேட்டி. மூன்று நாளாக ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளாத நால்வர், சுவரிலிருந்த சுவிட்சுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். வாசல் விளக்கு எரிந்தது, அணைந்தது. அடுப்படி எக்ஸாஸ்ட் ஓடியது. "எங்க ஃபிளாட்ல நான்தாங்க செக்ரெட்டரி" என்றார் நான்காம் அறைக்காரர், யாரும் கேட்காமலே. இரண்டாம் அறைக்காரர் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கும் யோசனையில் இருந்தபோது அண்ணன் எழுந்து வந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"மோட்டார் சுவிட்ச் எங்கண்ணே? டேங்க் வழியுது!"

அவர் எங்கள் நால்வரையும், எரிந்துகொண்டிருந்த விளக்குகளையும் பார்த்தார். "மோட்டாரே இல்லீங்களே. தண்ணி மேல ஊத்துலருந்து ஹோஸ்ல தானா வருது." கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார். "அது ஓடைங்க. நீங்க கேட்டீங்கல்ல, வந்துருச்சு."

8. முடிவுரை

பொறுப்புத் துறப்புக் கோட்பாடு இத்துடன் திரும்பப் பெறப்படுகிறது. தொல்காப்பியம் மட்டும் தப்பியது: நிலம் குறிஞ்சி, பொழுது கூதிர், சிறுபொழுது யாமம், நிகழ்ந்தது கூடல். கூடியவர்கள் யார் என்பதில் மட்டும் சிறு திரிபு உண்டு. அதை உரையாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நால்வரும் அவரவர் அறைக்குத் திரும்பிப் படுத்தோம். ஓடை விளம்பரத்தில் சொன்னபடியே சலசலத்தது. காலையில் காப்பி குடிக்கும்போது விசாரித்ததில், ஒருவரும் கண் மூடவில்லை என்று தெரிந்தது. அத்தனை தண்ணீர் விடிய விடிய ஓடியது. அணைப்பதற்கு எங்கும் சுவிட்ச் இல்லை.