கல்லில் வெட்டிய சம்பளப் பட்டியல்

முண்டியம்பாக்கத்துக்கு 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கூடவே அகவிலைப்படி, நிலுவைத்தொகை, ஊதியக்குழு என்ற பேச்சும் டீக்கடை பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. சர்க்கரை ஆலைச் சங்கைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இது புதுசு என்று யாராவது சொன்னால், பக்கத்திலிருக்கும் எண்ணாயிரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் சம்பளப் பஞ்சாயத்து ஆரம்பித்து ஆயிரம் வருஷமாகிறது.

அங்கே ராஜேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். படிக்கிற பிள்ளைகளுக்கே நெல் அளந்தார்கள்: இளையவருக்கு நாளுக்கு 6 நாழி, மூத்தவருக்கு 10 நாழி. ஆசிரியர்களில் இலக்கணம் நடத்தியவரைவிட வேதாந்தம் நடத்தியவருக்குக் கொஞ்சம் கூடுதல். பற்றை விடு என்று பாடம் எடுக்கிறவருக்குத்தான் பெரிய மூட்டை. இலக்கண வாத்தியார் பல்லைக் கடித்திருப்பார். சங்கம் இல்லாத காலம், வேறென்ன செய்ய? கொஞ்சம் தள்ளி, புதுச்சேரிச் சாலையில் இருக்கும் திருபுவனைக் கல்லூரியில் இன்னொரு சலுகை. அங்கே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஊர் வாரிய வேலைகளிலிருந்து விலக்கு. தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் ஓடுகிற இன்றைய வாத்தியார்கள் இந்தக் கல்வெட்டைப் பார்க்காமல் இருப்பது அரசுக்கு நல்லது.

மருத்துவமனைச் சம்பளம் தெரிய வேண்டுமானால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். 1068 வாக்கில் வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டு. பதினைந்து படுக்கை, பெயர் வீரசோழன். வைத்தியர் கோதண்டராம அசுவத்தாம பட்டருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. நாளுக்கு 3 குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். 360 நாளால் பெருக்கினால் கச்சிதமாக 90. மிச்சம் ஐந்து நாள் பட்டர் விரதம் போலிருக்கிறது.

அறுவை செய்கிறவருக்கு 30 கலம். வைத்தியரில் மூன்றில் ஒரு பங்கு! கத்தி பிடிக்கிறவருக்கு இந்த மரியாதை. நாவிதருக்கு 15 கலம். ஆக, வயிற்றைக் கீறுகிறவரின் மதிப்பு இரண்டு நாவிதர். செவிலியர் இருவருக்கும் தலைக்கு 15 கலமும் அரைக் காசும். ராத்திரியெல்லாம் விழித்திருப்பவருக்கும் முகம் மழிக்கிறவருக்கும் அளந்த நெல் ஒன்று. வித்தியாசம் அந்த அரைக் காசுதான். அந்தக் கால ‘இரவுப்படி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலைத் திருத்த ஊதியக்குழு கிடையாது. ‘சந்திரன் சூரியன் உள்ளவரை’ என்று வெட்டிவிட்டால் பிறகு யார் உளி எடுப்பது? ஆனால் சோழன் அவ்வளவு மோசமான கணக்குப்பிள்ளை இல்லை. சம்பளம் நெல்லாகப் போனதால் விலைவாசி ஏறினால் சம்பளமும் தானாக ஏறியது. அகவிலைப்படி மூட்டைக்குள்ளேயே இருந்தது. காசு வாங்கியவருக்குத்தான் நஷ்டம். மேலதிகாரி ஏமாற்றினால் தர்ணா இல்லை, சாபம் உண்டு: கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் அவன் தலையில். இன்று எந்தச் சங்கத்தின் கோரிக்கை மனுவிலும் இவ்வளவு காரம் கிடையாது.

வாரிசு வேலைகூட இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடற்பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்களுக்குத் தலைக்கு 100 கலம். ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு நெருங்கிய உறவுக்குப் போகும். உறவுக்கு வேலை தெரியாவிட்டால் தெரிந்த வேறொருவரை வைத்து வேலை வாங்கலாம். இன்றைய கருணை அடிப்படை நியமனத்தில் இந்த வசதி மட்டும் எழுத்தில் இல்லை.

நம் காலத்துக்கு வருவோம். ஏழாவது ஊதியக்குழுவை ஒட்டித் தமிழக அரசு 2017 அக்டோபரில் சம்பளத்தை உயர்த்தியது. உயர்வு 1-1-2016 முதலே உண்டு, ஆனால் ‘கருத்தியலாக’. கையில் பணம் 1-10-2017 முதல்தான். இடையில் 21 மாதம், இருந்தும் இல்லாத சம்பளம். இதை விளங்கவைக்க எண்ணாயிரத்து வேதாந்த ஆசிரியரைத்தான் எழுப்ப வேண்டும். அதற்காகவே கூடுதலாக ஒரு படி நெல் கொடுக்கலாம்.

ஒப்பந்த நிறுவனம் வழியாக வந்து துடைப்பம் பிடிப்பவர்களுக்கு அந்தக் கருத்தியல்கூட இல்லை. ஊதியக்குழுவின் எந்த அட்டவணையிலும் அவர்கள் வரமாட்டார்கள். திருமுக்கூடல் நாவிதராவது தன் 15 கலத்தைக் கோயில் சுவரில் காட்டிக் கேட்டிருப்பார்.