நெல் மூட்டைமேல் கணக்குப்பிள்ளை

எங்கள் மேல்சித்தாமூரில்தான் தமிழ் ஜைனர்களின் மடம் இருக்கிறது. ஊருக்கு வரும் திகம்பர முனிவர்கள் எந்த வண்டியிலும் ஏறமாட்டார்கள். எத்தனை நூறு கிலோமீட்டர் ஆனாலும் நடைதான். அவர்களுக்கு அது விரதம். எட்டு மணி பஸ் வராத நாளில் எனக்கும் அதே விரதம்தான், புண்ணியம் மட்டும் கிடையாது.

செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். இந்தத் தூரத்துக்கு நான் ஏறாத வாகனம் ரோடு ரோலர் ஒன்றுதான். அதற்கும் ஒருநாள் கை காட்டிப் பார்த்தேன். "நடந்தா சீக்கிரம் போயிடலாம் சார்" என்றார் டிரைவர். நியாயஸ்தர்.

2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் செய்வார். வராத பஸ்ஸில் ஆண்களுக்கும் இலவசம்தானே அக்கா என்பேன்.

அறுவடைக் காலம் வந்தால் எனக்கு யோகம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் ஏற்றிக்கொண்டு குட்டி யானை வேன்கள் கிளம்பும். மூட்டைமேல் ஒரு ஆளுக்கு எப்படியும் இடம் இருக்கும். குதிரையில் வந்த ராஜா தேசிங்கைவிட உயரத்தில் உட்கார்ந்து செஞ்சிக்குள் நுழைவேன். ஒரே தொல்லை, சுணை. கழுத்துக்குள் இறங்கிவிட்டால் சாயங்காலம் வரை விடாது. போன தையில் கல்லாப் பக்கம் நின்று முதுகை அலமாரியில் தேய்த்துக்கொண்டிருந்தேன். பட்டு வேட்டி எடுக்க வந்த பெரியவர் என் சட்டையையே பார்த்தார். "தம்பி, இது உங்க கடைத் துணியா?" என்றார். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். எடுத்த வேட்டியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் முதலாளி எனக்கு வேறு சட்டை ஒன்று கொடுத்தார், கடையிலேயே மாற்றிக்கொள்ளச் சொல்லி.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ உலக பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது. கடையில் லட்டு கொடுத்தார்கள். உலகமே செஞ்சிக்கு எப்படி வருவது என்று விசாரிக்குமாம். என்னிடம் கேட்டால் நெல் வண்டியைக் காட்டுவேன். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் என்று பேச்சு ஆரம்பித்தபோது எனக்குத் தலைமுடி இருந்தது.

காலையில் தாமதமானால் முதலாளி முறைப்பதோடு சரி. சாயங்காலம்தான் ஆபத்து. நாங்களும் ஜைனர்கள்தான், எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. கணக்கை ஐந்து மணிக்கே மூடிவிட்டு ஓடிவருவேன். ஆனி, ஆடியில் சூரியன் ஆறரை வரை பொறுத்திருப்பார். கார்த்திகையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் கிளம்பிவிடுவார். பஸ்ஸுக்குத்தான் தமிழ் மாதம் தெரியாது.

அம்மா வாசலில் தட்டோடு நிற்பார். நான் வரும் ரோட்டைப் பார்க்கமாட்டார், மேற்கைத்தான் பார்ப்பார். நேற்று யாரோ ஒருவர் பைக்கில் இறக்கிவிட்டார். இறங்குவதற்குள் அம்மா கத்தினார்: "கை கழுவிட்டு உட்காருடா, பாதிதான் மிச்சம் இருக்கு!" சோறு என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அவர் சூரியனைச் சொல்லியிருக்கிறார்.