ஐந்நூறு

செஞ்சிப் பக்கம் அனந்தபுரம் கடைத்தெருவில் இறங்கி, "ஐந்நூறு வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகூட வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். ராத்திரியில் வந்தால் கேட்கவே வேண்டாம். தெருவில் எந்த மெத்தை வீடு இருட்டாக இருக்கிறதோ அதுதான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மல்லாட்டை மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்ந்தவர். எதிர் வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு மாமா. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற மின் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பிறவிப் பயன் என்று அவர் இறங்கிய பிறகு, ஊர் அந்த எண்ணையே பெயராக்கிவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. "நானூறுன்னு கூப்புடற நாளும் வரும்" என்பார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு, அது நியாயமான காரணமும்கூட. 2019-இல் ஒரு தடவை அவர் வீட்டுக் கணக்கு 503 என்று வந்துவிட்டது. அன்றைய கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1130 ரூபாய். 503-க்கு 1800! ஐந்நூறைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. கீழே ஓட்டின யூனிட்டுகளுக்கும் சேர்த்து வேறு படியில் கணக்குப் போடுவார்கள். மண்டிக் கணக்கெழுதின மூளை சும்மா இருக்குமா? மூன்று யூனிட்டுக்கு 670 ரூபாய், ஆக யூனிட் ஒன்று 223 ரூபாய் என்று கண்டுபிடித்தது. அன்று ராத்திரி மாமா சாப்பிடவில்லை. சாப்பிட்டால் அறையில் விளக்குப் போட வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்று அத்தை பிறகு சொன்னார்.

2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றினார்கள். அப்போது 500 யூனிட்டுக்கு 1725, 501-க்கு 1958. ஒரு யூனிட் தாண்டினால் 657 ரூபாய் ஏறிய இடத்தில் இப்போது 233 ரூபாய்தான் ஏறுகிறது, சந்தோஷம்தானே மாமா என்றேன். "பள்ளத்த எங்க மூடுனாங்க? தரைய ஒசத்திட்டாங்க" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் ஆறு பேர். மாமா, அத்தை, மினி வேன் ஓட்டுகிற மகன், மருமகள், ஒன்பதாவது படிக்கிற பேத்தி, அவளுக்கு ஒரு தம்பி. ஃப்ரிட்ஜ், டிவி, நாலு ஃபேன், போர் மோட்டார். மகனுக்கு வேன் கடன் தவணை போக மிச்சப்படுவது கொஞ்சம்தான். கரண்ட் பில்லில் இருநூறு, முந்நூறு கூடினால் அந்த மாசம் மளிகையில் கை வைக்க வேண்டிய வீடு. அதனால் மாமாவைக் கஞ்சன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஆட்சி நடத்துகிற விதத்தைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

சாயந்திரம் ஆறரை ஆனால் வீட்டுக்கு ஒரே ஒரு விளக்கு. அது கூடத்தில் எரிந்தால் குடும்பம் முழுக்கக் கூடத்தில். சமையல்கட்டுக்கு மாறினால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு. "வெளக்கு இருக்கிற எடத்துக்கு ஆளு போவணும். ஆளு இருக்கிற எடத்துக்கெல்லாம் வெளக்கு வரக்கூடாது" என்பது அங்கே சட்டம்.

குளியலறை சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தவன் யாரோ, அவன் மாமாவுக்காகவே வைத்திருக்கிறான். போகிற வருகிற போதெல்லாம் கை தானாக அந்தச் சுவிட்சைத் தட்டிவிடும். ஒருமுறை திண்டிவனத்திலிருந்து வந்த சம்பந்தி உள்ளே இருந்தார். விளக்கு அணைந்ததும், "உள்ள ஆளு இருக்கேன்!" என்று சத்தம் வந்தது. "இருங்க இருங்க, அவசரமில்ல" என்று வெளியிலிருந்து பதில் போனது. விளக்கு வரவில்லை. சம்பந்தி அதற்கப்புறம் விசேஷங்களுக்கு வருவார், சாப்பிடுவார், இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவார்.

செல்போன் சார்ஜ் விஷயம் இன்னும் அழகு. விவசாய மோட்டாருக்குத் தமிழ்நாட்டில் கரண்ட் இலவசம் அல்லவா? பனமலைப் பக்கம் மாமாவின் மச்சானுக்குக் கொல்லி நிலம் இருக்கிறது. அங்கே மோட்டார் கொட்டாயில் போனைச் செருகிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார். முழு மாசமும் தினம் சார்ஜ் போட்டாலும் ஒரு போன் ஒரு யூனிட்டைத் தின்னாது. டிவிஎஸ் 50-க்கு ஊற்றுகிற பெட்ரோலை யார் கணக்கில் எழுதுவது என்று ஒருநாள் கேட்டேன். "அது வேற தலைப்பு" என்றார். மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் போய் இதைக் கேட்டது என் தப்பு.

அரசாங்கம் கொடுத்ததெல்லாம் அவரைப் பொறுத்தவரை இரண்டு வகை. 2016-இல் வந்த இலவச நூறு யூனிட் புண்ணியம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் சூழ்ச்சி. "பொருளக் குடுத்துட்டாங்க, அத ஓட்டறது யாரு?" அந்த ஃபேன் இன்றும் பரணில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், மணமகளைப் போல இருக்கிறது.

கூடத்து ஃபேனுக்கு வருவோம். பழைய டப்பா ரெகுலேட்டர். மாமா அதை இரண்டைத் தாண்ட விடமாட்டார். ஃபேன் இறக்கை மூன்றையும் உட்கார்ந்தபடியே எண்ணலாம். அந்த ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தால் சுடும். உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கரண்டைச் சூடாக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்தச் சூட்டுக்கும் யூனிட் உண்டு. காற்றில் குறைந்த அளவு மீட்டரில் குறையாது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வாங்கிப் போடுங்கள் என்றால், அது காசு. காசு கொடுத்துக் காசு மிச்சம் பிடிப்பது அவர் மதத்தில் பாவம்.

கத்திரி வெயில் வந்தால் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியுமே. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரியெல்லாம் மூச்சு விடும். யாராவது முணுமுணுத்தால் மாமா செஞ்சிக் கோட்டையைக் காட்டுவார். "கல்யாண மகால்ல ராஜா குடும்பம் இருந்துச்சே, அங்க இன்னா ஃபேனா சுத்துச்சி?" கோட்டைக் கதை அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். 1690-இல் மொகலாயர் முற்றுகை போட்டு 1698 வரை உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராம் பார்த்தார், வேலூர்ப் பக்கம் தப்பிப் போய்விட்டார். மாமாவின் மகனும் மே மாதம் பிறந்தால் பிள்ளைகளோடு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கோட்டைக்குள் மிஞ்சுவது அத்தையும் பனையோலை விசிறியும்.

போன பங்குனியில் இந்தக் கோட்டைக்குள்ளேயே ஒரு கலகம் வந்தது. கிளப்பியவள் பேத்தி.

பள்ளிக்கூடத்தில் யூனிட் கணக்கு நடத்தியிருக்கிறார்கள். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்குமே, அது எத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று மீட்டர் முகத்திலேயே அச்சடித்திருக்கும். அவர்கள் வீட்டு மீட்டரில் 3200. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு, நோட்டும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க நானும் போய் நின்றேன்.

முதலில் ஃப்ரிட்ஜ் முதல் எல்லாவற்றையும் அணைத்தார்கள். ஆனாலும் மினுக்கியது. ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒரு தடவை, நிதானமாக.

மாமாவுக்கு முகம் மாறியது. "யாரோ நம்ம கரண்ட்ட இழுக்கறாங்க" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வீட்டைப் பார்த்தார். ஒயர் ஏதாவது தெருவைத் தாண்டுகிறதா என்று மேலே பார்த்தார். இருபது வருஷப் பழக்கம் ஒரு நிமிஷம் கம்பத்தில் தொங்கியது.

பேத்தி அறை அறையாகப் போனாள். பூஜையறையில் முருகன் படத்துக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"அது ஜீரோ வாட்ஸ்டி. பேருலயே ஜீரோ இருக்குதே."

அவள் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் காட்டினாள். தேய்ந்த எழுத்தில் 15 வாட். பேருக்குத்தான் ஜீரோ. ராத்திரி பகல் அணையாமல் இரண்டு மாசம் எரிந்தால் இருபத்தொன்றரை யூனிட்டுக்கு மேல். சாமி விளக்காயிற்றே என்று வருஷக்கணக்கில் யாரும் கை வைக்கவில்லை. சம்பந்தியை இருட்டில் உட்கார வைத்த குளியலறை பல்பு 9 வாட் எல்இடி. அதை மட்டும் எரியவிட்டு எண்ணினாள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு மினுக்கு.

பிறகுதான் முக்கியமான கட்டம். அன்று மாமா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும் அவருக்கு. மண்டிக் காலத்துப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் தினம் காலையில் அவரே தேய்த்துக்கொள்வார். அயன் பாக்ஸ் ஆயிரம் வாட். அதைப் போட்டதும் மீட்டரில் அந்தச் சிவப்பு, ஓடி வந்தவன் நெஞ்சு போல அடிக்க ஆரம்பித்தது. சூடேறுகிற வரைக்கும் பேத்தி விடாமல் எண்ணினாள். "நிமிஷத்துக்கு அம்பத்திமூணு, தாத்தா."

யாரும் பேசவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போனார். இத்தனை வருஷமாக "லைட்ட அணை" என்ற ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தவர். சிரிக்கட்டும்.

மாமா பாக்ஸை நிமிர்த்தி வைத்தார், சுவிட்சை அணைத்தார். ஒரு கை மட்டும் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்.

இப்போது பூஜையறையில் அரை வாட் எல்இடி. பேத்தி தன் உண்டியல் காசில் வாங்கியது, ஆகையால் பாவம் இல்லை. சட்டை வேட்டியை மாமா ராத்திரியில் மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுக்கிறார். தினம் ஓடின அயன் பாக்ஸ் கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வருகிறது. குளியலறை சுவிட்சைத் தட்டிவிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அது கையோடு ஒட்டிவிட்டது.

போன வாரம் கணக்கெடுத்தார்கள். மாமா வீட்டுக்கு 458. "தொண்ட கிழியக் கத்துனதுக்குப் பலன்" என்று திண்ணையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டார். நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். 517.