அழாத குழந்தையும் அறுபது விநாடியும்

கேள்வி: பச்சிளங்குழந்தை வைத்தியத்தைக் கம்ப்யூட்டர் கேம் ஆடியே படிக்கிறார்களாமே! தபாலில் நீச்சல் கற்ற கதையாகிவிடாதா?

பதில்: தபாலில் நீச்சல் வராதுதான். ஆனால் எப்போது குதிக்க வேண்டும் என்பதைத் தபாலில்கூடக் கற்கலாமே! பிறந்த குழந்தை அழவில்லை. துடைத்து, கதகதப்பாக்கி, முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை. பிறந்த ஒரே நிமிடத்துக்குள் முகமூடி வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். 'பொன்னான நிமிடம்' என்றே அதற்குப் பெயர். பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே வீறிட்டு அழுதுவிடுகின்றன (வாழ்க!). அதனால் அழாத குழந்தை மாணவர் கண்ணில் படுவதே அபூர்வம். அபூர்வமாக வருவதை அடிக்கடி பழக வேறு என்ன வழி?

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 'ரீட்டெய்ன்' என்ற விளையாட்டை இதற்காகவே உருவாக்கினார்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இதயத்துடிப்பு 100-க்குக் கீழே. காற்று கொடுத்தும் நெஞ்சு எழும்பவில்லை. பதறியவர் நெஞ்சை அழுத்தப் பாய்வார். பழகியவரோ முகமூடி சரியாகப் படிந்திருக்கிறதா, தலை நேராக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். காற்று நுரையீரலுக்குள் சரியாகப் போய் 30 விநாடி ஆன பின்பும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சை அழுத்த வேண்டும். இங்கே தப்பு செய்தால் திரைக் குழந்தை மறுபடி பிறந்து வரும். நிஜக் குழந்தை வராது.

ஆனால் அந்தக் குட்டி முகத்தில் முகமூடியைக் காற்று கசியாமல் பிடிக்க மவுஸ் சொல்லித்தராது. அதற்குப் பொம்மையும் வேண்டும், பக்கத்தில் கைதேர்ந்த நர்ஸ் ஒருவரும் வேண்டும்.