வந்தவரும் இருந்தவரும்

கேள்வி: டீக்கடை, பனியன் கம்பெனி, பஸ் ஸ்டாண்டு, எங்கு திரும்பினாலும் இந்திப் பேச்சு. நம் ஊர் நமக்கே அந்நியமாகிவிடாதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கவலையைத் தள்ளிவிட மாட்டேன். வாடகை ஏறுவதும் கூலி இறங்குவதும் உண்மையான வலிதான். ஆனால் கூலியைக் குறைப்பது ரயிலில் வந்து இறங்கிய பையனா, அவனை அடிமாட்டுக் கூலிக்கு எடுத்து, எட்டுப் பேரோடு ஒரே அறையில் அடைப்பவரா? கோபத்துக்கும் சரியான விலாசம் வேண்டும் ஐயா, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் போய் விழும்.

1966-ல் மும்பையில் சிவசேனை பிறந்தபோது 'எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்' என்று சுட்டப்பட்டவர்கள் நாமும் மற்ற தென்னிந்தியர்களும்தான். நம் லுங்கியே அங்கே வசைச்சொல் ஆனது. திருநெல்வேலிப் பக்கமிருந்து போனவர்கள் அதற்குப் பல தலைமுறை முன்பே தாராவியில் தோல் பதனிட்டு அந்த நகரத்துக்கு உழைத்திருந்தார்கள். அந்த அவமானத்தை அனுபவித்த நாம் அதையே இன்னொருவருக்குப் பரிமாறலாமா?

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ஊருக்கு ரயிலேறினார்கள். பீகார் அரசே குழு அனுப்பி விசாரிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மெஷினில் தைப்பவரோடு நாம் நாலு வார்த்தை பேசிப் பழகியிருந்தால், அந்த வீடியோவை அவரே நம்பியிருக்க மாட்டார்.

மொழிதான் உறுத்துகிறதென்றால், அவர் பிள்ளையை உங்கள் தெரு அரசுப் பள்ளியில் சேர்க்கக் கூடப் போங்கள். ஒரே வருஷத்தில் அது உங்களை 'மாமா' என்று கூப்பிடும், அதுவும் கொங்குத் தமிழில்!