கோட்டை ஸ்டேஷனில் இறங்காதவன்

சொத்தைப் பல்லைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எனாமலுக்கு நரம்பு கிடையாது. அதனால் சொத்தை விழ ஆரம்பிக்கும்போது வலிக்காது. வலிக்க ஆரம்பித்தால் அது உள்ளே நன்றாகக் குடியேறிவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் சேலையூரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் மைக் பிடித்துப் பேசியவனே நான்தான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒரு பல் மருத்துவ முகாமுக்கு ஏற்பாடு செய்திருந்தேன். பள்ளிக்கரணை, ரத்தினமங்கலம், காட்டாங்கொளத்தூர் என்று எங்கள் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, டார்ச், குட்டிக் கண்ணாடியோடு மாணவர்கள் வந்திறங்கினார்கள். "முளையிலேயே கிள்ளிடணும்" என்று என் வரவேற்புரையை முடித்தேன். கைதட்டினார்கள்.

"அங்கிள், நீங்க உக்காருங்களேன்" என்றது பயிற்சி மருத்துவராக வந்த பெண்.

"எல்லாரும் முதல்ல பாத்துக்கட்டும்மா, நான் கடைசியா வரேன்."

கடைசி ஆள் எழுந்தபோது நான் அவர்களுக்கு மோர் வாங்கப் போயிருந்தேன். எதிர்க் கடையிலேயே மோர் இருந்தது. நான் கேம்ப் ரோடு வரை நடந்தேன்.

விஷயம் இதுதான். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புக் கோடு. குளியலறைக் கண்ணாடி முன்னால் செல்போன் வெளிச்சத்தில் நானே பார்த்து, டீக்கறை என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பல் பள்ளத்தில் தெரியும் கறுப்பு சில சமயம் வெறும் கறையாகவும் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்; அந்தச் 'சில சமயம்' எனக்குப் போதும். அப்புறம் தினமும் அதே இடத்தில் கீரை மாட்ட ஆரம்பித்தது. கீரை முற்றல் என்று வீட்டில் சண்டை போட்டேன். ஐஸ் தண்ணீர் குடித்தால் சுரீர் என்றது. ஃபிரிட்ஜைக் குறைத்து வைத்தேன். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இடப்பக்கமாகவே மென்று பழகிக்கொண்டேன். ஒரு மனிதனுக்கு இவ்வளவு அறிகுறிகளை வரிசையாக எடுத்துக் கொடுத்த பல்லை நான் இப்போது மரியாதையோடு நினைக்கிறேன்.

என் தொழில் ரயிலில் போவது என்றே சொல்லலாம். அலுவலகம் பாரிமுனையில். தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். சர்க்கரை வாய்க்குள் போனதும் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சமாளித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது ஆகும். ஸ்டீபன் என்ற அமெரிக்கர் 1940களிலேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார். இதுவும் எனக்குத் தெரியும். ஆகவே, தாம்பரம் பிளாட்பாரத்தில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. எச்சில் பாவம், பல்லாவரம் தாண்டி மூச்சுவிடப் பார்க்கும்; அங்கே கடலை உருண்டை. கிண்டியில் மறுபடி தெம்பு வரும், மாம்பலத்தில் பிஸ்கட். மொத்தத்தில் ஒரு நாளைக்கு நான் தின்ற சர்க்கரை அதிகமில்லை. பிரித்துப் பிரித்துத் தின்றதில்தான் என் சாமர்த்தியம்.

இந்தப் பயணத்தில் பீச்சுக்கு முந்தைய ஸ்டேஷன் கோட்டை. அந்த ஸ்டேஷனுக்கு எதிரே இருப்பது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும். 1953இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. தினமும் ரயில் எனக்காக அங்கே நின்றது. நான் வாயில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

தடுப்பு முயற்சிகளும் செய்யாமல் இல்லை. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் ஒரு டப்பா வாங்கினேன். வெள்ளிக்கிழமை பூ கட்ட நார் தீர்ந்துபோக, வீட்டில் அதை எடுத்துக் கட்டிவிட்டார்கள். அன்று முருகன் படத்து மல்லிகையில் புதினா வாசம். நூல் அந்த வேலைக்கு மிக உசத்தி என்று பெயரெடுத்து அங்கேயே தங்கிவிட்டது. இரவில் பல் துலக்கச் சொல்லி மகளை விரட்டுவேன். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், கிருமிக்கு அதுதான் அறுவடைக் காலம் என்று விளக்கமும் தருவேன், படுத்துக்கொண்டே.

கடைசியில் ஓர் இரவு கிராம்பும் கைவிட்டது. மறுநாள் கோட்டையில் இறங்கினேன்.

ரூட் கெனால். அதன் கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். அதைவிட என்னை உறுத்தியது பக்கத்துப் பல். மருத்துவர் அதன்மேல் காற்றடித்து எச்சிலை உலர்த்தி, கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. ஈரமாக இருந்தால் தெரியாது. கறுப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு வெள்ளையில் ஆரம்பிக்கும் என்பது மட்டும் எப்படியோ தெரியாமல் போயிருக்கிறது.

"இது இன்னும் ஓட்டையாகலை சார். ஒழுங்கா இருந்தா இதைத் திருப்பிடலாம்" என்று சொல்லி ஃப்ளோரைடு வார்னிஷ் தடவினார். துளைக்கவில்லை, ஊசியில்லை, சீக்கிரமே முடிந்துவிட்டது. அந்தக் கறுப்புக் கோடும் ஒரு காலத்தில் இப்படித்தான் வெள்ளையாக உட்கார்ந்திருந்திருக்கும்.

ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட்டில் காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம், தின்பதைச் சாப்பாட்டு வேளையோடு நிறுத்துவது என்று சொன்னார். இரண்டையும் கடைப்பிடிக்கிறேன், கடலை உருண்டை நீங்கலாக. மூன்றாவதாக ஒன்று சொன்னார்: துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடும் கழுவிக்கொண்டு போய்விடும். அது மட்டும் என்னால் ஆகவில்லை. தொண்டைவரை விரலை விட்டு, தெருவுக்கே கேட்கும்படி காறிக் கொப்பளிக்காவிட்டால் எனக்குப் பொழுது விடிவதில்லை. கீழ்வீட்டுக்காரருக்கும் விடியாது. அவர் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறார்; நான் நிறுத்திப் பார்த்த அன்று அவர் 7.10 வண்டியை விட்டுவிட்டு, மாடியேறி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.